அண்ணை என்றால் சகோதரன்தானே

யாழ்ப்பாணத்தை அடுத்த வேலணைத் தீவில் எங்கள் அலுவலகம் இருந்த வீட்டில் இரண்டு அறைகளுக்குத்தான் கூரை இருந்தது. வீட்டுக்காரர் தென்பகுதியில் கடை வைத்திருந்து, பிறகு குடும்பத்தோடு வெளிநாடு போனவர். முன் அறைகள் இரண்டுக்கும் ஓடு போட்ட பிறகு நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனம் அங்கே வந்தது. குசினி இருந்த இடத்தில் எருக்கலை வளர்ந்திருந்தது. காலை பத்து மணிக்கு ஜெனரேற்றரைப் போட்டால் பகல் இரண்டு மணிக்கு நிறுத்துவார்கள். அந்த நான்கு மணித்தியாலமும்தான் என் வேலை நேரம்.

நான் சேர்ந்தபோது போர்நிறுத்தம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கு முப்பத்தெட்டு வயது. கலியாணம் ஆகவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு மேல் படிக்கவில்லை. இடம்பெயர முன் யாழ்ப்பாணத்தில் ஒரு வகுப்பில் ஆங்கிலத் தட்டச்சுப் பழகியிருந்தேன். அதை வைத்துத்தான் வேலை கிடைத்தது. நேர்முகத்தில் நான் கேட்டது ஒரே கேள்வி. ஆட்களோடு கதைக்க வேண்டி வருமா?

"இல்லைப் பிள்ளை, மெசினோடைதான்," என்றார் பொறுப்பாளர். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "அது உம்மைவிடக் குறைவாய்த்தான் கதைக்கும்."

பிரிந்துபோன குடும்பங்களைச் சேர்ப்பதும் காணாமல் போனவர்களைத் தேடுவதும் அந்த நிறுவனத்தின் வேலை. தீவுகளிலிருந்து ஓடியவர்கள் வன்னியில் இருந்தார்கள், மன்னாரில் இருந்தார்கள், இந்தியாவில் முகாம்களில் இருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு அலுவலகம் படிவம் நிரப்பியது. ஒவ்வொன்றும் தன்பாட்டில் ஆட்களுக்கு இலக்கம் கொடுத்தது. எங்கள் பட்டியலில் தேடப்படுகிற ஒருவர் வவுனியாப் பட்டியலில் வேறு இலக்கத்தோடு இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து மூன்று நாள் தங்கி எனக்கு வேலையைப் பழக்கினார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். கணினி என்றால் படமும் நிறமுமாக இருக்கும் என்று நினைத்துப் போன எனக்கு அவர் காட்டியது வெறும் கறுப்புத் திரை. அதில் ஒரு சிறு கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் கட்டளையை அடித்து, எந்தெந்தக் கோப்புகளைப் படிக்க வேண்டும் என்று அவற்றின் பெயர்களையும் அடித்து, பொத்தானை அழுத்தினால், அவர் எழுதிய நிரல் எல்லாக் கோப்புகளையும் படித்து, ஒன்றோடொன்று இணைத்து விடையைத் தரும். தட்டச்சு இயந்திரத்தில் பழகியவளுக்கு அது பெரிய மாற்றமாகத் தெரியவில்லை.

கோப்புக்குள்ளும் வித்தை எதுவும் இல்லை. ஒரு வரிக்கு மூன்று துண்டுகள். முதலில் ஒரு ஆளின் இலக்கம், நடுவில் உறவு, பிறகு இன்னொரு ஆளின் இலக்கம். கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி. இன்னார் இன்னாருக்கு மகள். இன்னார் இன்னாருக்கு மனைவி. இப்படி ஆயிரக்கணக்கான வரிகள். முற்றுப்புள்ளி விடுபட்டால் எத்தனையாவது வரி என்று சொல்லிவிட்டு நிரல் நின்றுவிடும். எல்லாம் சரி என்றால் ஒரு சொல்லும் சொல்லாது. முதல் நாள் அது பேசாமல் முடிந்தபோது பழுதாகிவிட்டது என்று பயந்தேன்.

"ஒண்ணும் சொல்லலைன்னா நல்லதுன்னு அர்த்தம் அக்கா," என்றார் பொறியியலாளர்.

அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து வராது. உறவுகளுக்கு எட்டு ஆங்கிலச் சொற்கள் மட்டும் வைத்திருந்தார். தகப்பன், தாய், கணவன், மனைவி, மகன், மகள், சகோதரன், சகோதரி. வேறு எதை அடித்தாலும் ஏற்காது. கடைசி நாள் அவர் எங்கள் படிவங்கள் சிலவற்றைப் புரட்டிப் பார்த்தார்.

"இங்க அண்ணை, அண்ணா, தமையன்னு மூணு சொல் வருது. மூணுமே பிரதர்தானே அக்கா?"

"ஓம்," என்றேன்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணை இல்லை. அண்ணை என்று கூப்பிட மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் பெரியம்மாவின் பிள்ளைகள். அந்த நேரம் அது மனதில் வந்தது. ஆனால் அவர் படித்தவர். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நடுவில் நிறுத்தி, இல்லைத் தம்பி, இது கொஞ்சம் வேறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் விளக்க வேண்டும். பொறுப்பாளர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் விரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அவர் தொடர்ந்து விளக்கினார். பெயரை நம்பக் கூடாது. ஒரே பெயரை நாலு அலுவலகம் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதும். தீவுகளில் வீட்டுப் பெயர் ஒன்று, பதிவுப் பெயர் ஒன்று. ஆகவே இந்த நிரல் உறவைப் பிடித்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கும். "ஒராளுக்கு ஒரு அப்பாதான். கூடப்பிறந்தவங்களுக்கு அப்பா ஒராள்தான். இந்த ரெண்டையும் சொல்லி வச்சிருக்கேன். மிச்சத்தை அதுவே யோசிச்சுக்கும்."

அதில் பிழை சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

படிவங்களை வீடு வீடாகப் போய் நிரப்பி வந்தவர் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். தீவுகளில் அவருக்குத் தெரியாத வீட்டுப் படலை கிடையாது. அவர்தான் அந்த நிரலுக்கு உறவுக்காரன் என்று பெயர் வைத்தார். காலையில் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வருவார்.

"என்ன பிள்ளை, உறவுக்காரன் இண்டைக்கு ஆரையாவது கண்டுபிடிச்சவனோ?"

கண்டுபிடித்தும் இருந்தது. புங்குடுதீவில் தனியாக இருந்த ஒரு கிழவருக்கு மன்னாரில் அவருடைய தங்கை இருப்பதைக் காட்டியது. பத்து வருடமாக இருவரும் மற்றவர் செத்துவிட்டதாக நினைத்திருந்தார்கள். அந்தச் செய்தியைக் கொண்டுபோன தபால்காரருக்குக் கிழவர் ஒரு சேவலைப் பிடித்துக் கொடுத்தாராம். சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அது பாதி வழியில் அவிழ்த்துக்கொண்டு ஓடிய கதையை ஒரு வாரம் சொன்னார்.

தபால்காரர் படிவத்தை நுணுக்கமாக நிரப்புவார். எந்தச் சொல்லுக்கும் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ஒரு விளக்கம் இருக்கும். முதல் வாரம் அவற்றையும் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நிரல் நின்றது. பிறகு அடைப்புக்குறிக்குள் இருப்பதை அடிப்பதை விட்டுவிட்டேன்.

"நான் கை நோக எழுதினதெல்லாம் எங்கை?" என்று ஒருநாள் கேட்டார்.

"அதுக்கு விளங்காது அண்ணை."

"அப்ப உறவுக்காரனுக்கு உறவு விளங்காது எண்டு சொல்லும்."

பொறுப்பாளர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை நெடுந்தீவிலிருந்து ஒரு பெண் வருவாள். காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து, பதினொரு மணிபோல எங்கள் வாசலில் நிற்பாள். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். கத்தோலிக்கக் குடும்பம். புருசன் கடற்தொழில் செய்தவர். பல வருடத்துக்கு முன் வலைநூல் வாங்க யாழ்ப்பாணம் போன இடத்தில் ஒரு சோதனையில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டார். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அப்போது மகளுக்கு மூன்று வயது.

மற்றவர்கள் வந்தால் பொறுப்பாளரின் மேசைக்குப் போவார்கள். அவள் என் பக்கம்தான் வருவாள். கதிரையின் விளிம்பில் இருப்பாள். நாங்கள் இரண்டு பேரும் அதிகம் கதைக்கத் தெரியாதவர்கள். அவள் கேட்பது ஒன்றுதான்.

"பேர் இருக்கோ அக்கா?"

தேடப்படுகிறவர்களின் பட்டியலை மாதம் ஒருமுறை அச்சிட்டுக் கொழும்புக்கு அனுப்புவோம். சிறைகளுக்கும் தடுப்பு முகாம்களுக்கும் போகிறவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஆட்களைத் தேடுவார்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அந்தத் தாளை அவள் பக்கம் திருப்பி வைப்பேன். பெயரைக் கண்டதும் தலையை ஆட்டுவாள். சில நேரம் ஒரு பையில் பனங்கிழங்கு கொண்டுவந்து மேசைக்குக் கீழே வைத்துவிட்டுப் போவாள். பெயர் அந்தத் தாளில் இருக்கும்வரை யாரோ ஒருவர் எங்கேயோ அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவள் நம்பிக்கை. பின்னேரப் படகுக்கு முன் திரும்பிவிட வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்ததில்லை.

தபால்காரர் நெடுந்தீவுக்குப் போய் அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவம் நிரப்பி வந்தார். மகளின் படிவத்தில், வேறு இடத்தில் இருக்கும் உறவுகள் என்ற இடத்தில், அண்ணை, வன்னி என்று பெயரோடும் பிறந்த வருடத்தோடும் எழுதியிருந்தது. நான் மகளின் இலக்கத்தை அடித்தேன். சகோதரன் என்று அடித்தேன். அந்த அண்ணைக்கு ஒரு புது இலக்கம் கொடுத்தேன். முற்றுப்புள்ளி வைத்தேன்.

ஒன்றிரண்டு மாதம் கழித்து வவுனியாவிலிருந்து ஒரு கோப்பு வந்தது. வன்னியில் ஒரு ஆஸ்பத்திரியின் மரணப் பதிவுகள் அதில் சேர்ந்திருந்தன. இறந்த ஒருவருக்கு மகன் என்று ஒரு பெயர் இருந்தது. ஊர் நெடுந்தீவு. பிறந்த வருடமும் பொருந்தியது. அந்த மகன் இப்போது எங்கே என்று பதிவில் இல்லை. அது மகளின் படிவத்தில் இருந்த அண்ணைதான் என்று கண்டு, இரண்டு இலக்கமும் ஒரே ஆள் என்று ஒரு வரி சேர்த்தேன். அது சரியாகவே இருந்தது. அவன்தான் அந்த அண்ணை. கோப்புகளின் பெயர்களை அடித்து நிரலை ஓட்டினேன். அது ஒன்றும் சொல்லாமல் முடிந்தது.

விடைக் கோப்பைத் திறந்தபோது நெடுந்தீவுப் பெண்ணின் புருசன் இறந்தவர்களில் இருந்தார்.

மகளுக்கு அண்ணை. அண்ணைக்கும் தங்கைக்கும் தகப்பன் ஒருவர். அண்ணையின் தகப்பன் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். ஆகவே தங்கையின் தகப்பன் இறந்துவிட்டார். நிரல் இப்படித்தான் யோசித்திருக்கிறது. குடும்பத்துக்குக் கொடுக்கும் கடிதத்தை அச்சிடும்போது பெயரை எங்கள் கோப்பிலிருந்து எடுத்தது. இறந்த நாளையும் இடத்தையும் வவுனியாக் கோப்பிலிருந்து எடுத்தது. வவுனியாக் கோப்பைத் திறந்து இறந்தவரின் பெயரை ஒருமுறை வாசித்திருந்தால் வேறு ஆள் என்று எனக்குத் தெரிந்திருக்கும். நான் வாசிக்கவில்லை. பெயரை நம்பக் கூடாது என்று பழக்கியிருந்தார்கள் என்று சொல்லலாம். உண்மை என்னவென்றால், இரண்டு மணிக்கு ஜெனரேற்றரை நிறுத்திவிடுவார்கள் என்று அவசரப்பட்டேன்.

திங்கட்கிழமை அவள் வந்து என் பக்கம் திரும்பினாள். நான் எழுந்து உள் அறைக்குப் போய்விட்டேன். பொறுப்பாளர் அவளைக் கூப்பிட்டு இருத்திக் கடிதத்தை வாசித்தார். கதவு இல்லாத அறை. எல்லாம் கேட்டது.

"காய்ச்சலோ?" என்றாள்.

"காய்ச்சல் எண்டுதான் கிடக்குது பிள்ளை."

"அடிச்சு இல்லையோ?"

"இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலைதான்."

"பக்கத்திலை ஆரும் இருந்தவையோ?"

"அது எழுதேல்லை."

பிறகு, "வன்னிக்கு என்னெண்டு போனவர்?" என்று கேட்டாள்.

"விட்டிருப்பாங்கள். விட்டாப்பிறகு பயத்திலை அங்காலை போயிருப்பார். கன பேர் அப்பிடித்தானே போனவை."

"விட்டவையெண்டால் ஏன் வீட்டை வரேல்லை?"

பொறுப்பாளர் நல்ல மனிதர். அவள் அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பார். அவள் அழவில்லை. கடிதத்தில் இருந்த திகதியைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். அவரைக் கொண்டுபோன நாளுக்கும் அந்தத் திகதிக்கும் நடுவில் நான்கு வருடத்துக்கு மேல் இருந்தது. அவள் அதை மனதுக்குள் கணக்குப் பார்த்திருப்பாள். நான் எருக்கலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் போன பிறகுதான் வெளியே வந்தேன்.

அதோடு அவள் வருவது நின்றது. பட்டியலிலிருந்து பெயர் தானாகவே விழுந்துவிட்டது. இறந்தவர் என்று பதிந்த ஆளை நிரல் பட்டியலில் சேர்க்காது. பூசை கொடுத்ததாகவும், தாலியைக் கழற்றிக் கோயில் உண்டியலில் போட்டதாகவும், கிராம அலுவலரான விதானையார் குடும்ப அட்டையில் விதவை என்று எழுதியதாகவும் தபால்காரர் வந்து சொன்னார். கார்த்திகை மாதம், இறந்தோருக்காகப் பெயர் வாசிக்கும் பூசையில் அவருடைய பெயரையும் வாசித்தார்களாம்.

அவள் வருவது நின்று ஏழாம் மாதம் மன்னாரிலிருந்து ஒரு கோப்பு வந்தது. இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள் கொடுத்த படிவங்கள். ஓட்டி முடித்து, வந்த விடைகளை அச்சிட்டுப் பொறுப்பாளரின் மேசையில் வைத்தேன். அவர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தபால்காரரைக் கூப்பிட்டார்.

"உங்கடை தீவாரின்ரை வேலையைப் பாரும். ஒராளுக்கு ரெண்டு பெண்சாதி."

"ஆராம்?"

"காய்ச்சலிலை செத்த அந்த நெடுந்தீவு ஆள். மன்னாரிலையும் ஒண்டு வைச்சிருந்திருக்கிறார். அதுதான் விட்டும் வீட்டை வரேல்லை."

தபால்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அவருடைய சிரிப்பு மெல்ல மெல்ல இல்லாமல் போனது.

"இது இரண்டாம் பெண்சாதி இல்லை சேர். இது அவரின்ரை தமையன்ரை மனுசி. எனக்குத் தெரியும். கலியாணத் தந்தி நான்தான் கொண்டு போய்க் குடுத்தனான்."

நான் அலுமாரியைத் திறந்து மகளின் படிவத்தை எடுத்தேன். அண்ணை என்ற சொல்லுக்குப் பக்கத்தில், தபால்காரரின் சிறிய கையெழுத்தில், அடைப்புக்குறிக்குள், பெரியப்பாவின் மகன் என்று இருந்தது. எல்லாப் படிவத்திலும் போலத்தான் இதிலும் எழுதியிருந்தார். நான்தான் அடிக்கவில்லை. அதனால் தகப்பனையும் பெரியப்பாவையும் நிரல் ஒரே ஆளாக்கியிருந்தது.

படிவத்தோடு நிலத்தில் இருந்துவிட்டேன். தபால்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொறுப்பாளர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "செத்தவர் எண்டதை எடுத்துவிடும். பட்டியலிலை பேர் திரும்ப வரும்தானே?"

"வரும் சேர்."

"அப்ப காணும். அவவுக்குச் சொல்லத் தேவையில்லை."

"சேர்..."

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேளும். அந்தப் பிள்ளை அழுது முடிச்சிட்டுது. பூசையும் குடுத்திட்டுது. ஆள் உயிரோடை இருக்கிறார் எண்டு உம்மாலை சொல்ல ஏலுமோ? ஏலாது. செத்திட்டார் எண்டும் சொல்ல ஏலாது. பிறகு அங்கை போய் என்னத்தைச் சொல்லப் போறீர்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இப்போதும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த இரண்டு வாரமும் பழைய படிவங்களை அலுமாரியிலிருந்து இறக்கி, அண்ணை, அக்கா, தம்பி, தங்கை என்று இருந்த இடமெல்லாம் பார்த்தேன். இன்னும் சில வீடுகளில் இரண்டு சகோதரர்கள் ஒரே ஆளாகியிருந்தார்கள். எங்கள் ஊரில் பெரியப்பாவின் பிள்ளைக்கும் சித்தியின் பிள்ளைக்கும் வேறு சொல் கிடையாது. எல்லோரும் அண்ணைதான், அக்காதான். பெரியப்பா மகன் என்று சொன்னால் பிரித்துப் பேசுகிற மாதிரி இருக்கும், யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். தபால்காரர் அதைத் தெரிந்து கேட்டு எழுதியிருந்தார். ஒவ்வொன்றாகத் திருத்தினேன். மற்ற வீடுகளில் யாருக்கும் மரணக் கடிதம் போயிருக்கவில்லை. நெடுந்தீவுப் பெண்ணுக்கு மட்டும்தான் போயிருந்தது.

ஒரு புதன்கிழமை காய்ச்சல் என்று சொல்லி லீவு எடுத்துக்கொண்டு குறிகட்டுவானுக்குப் பஸ் ஏறினேன். இறங்குதுறையில் அடையாள அட்டையைக் காட்டி, எதற்குப் போகிறாய் என்ற கேள்விக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு என்றேன். கடல் கொந்தளிப்பாக இருந்தது. படகின் அடித்தட்டில், மா மூட்டைகளுக்கு நடுவில் இருந்து வாந்தி எடுத்தேன். பக்கத்திலிருந்த ஒரு அம்மா மணந்து பார்க்கச் சொல்லித் தேசிக்காய் ஒன்றைக் கையில் வைத்துவிட்டு, "புதுசோ?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். என்ன சொல்வது என்று ஒரு வசனம் கட்டிக்கொண்டு போனேன். இறங்கும்போது அது மறந்துவிட்டது.

கல்மதில் ஒழுங்கைகளில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் முற்றத்தில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. என்னைக் கண்டதும் கையைச் சீலையில் துடைத்தாள். கதிரை கொண்டுவந்து போட்டாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். சுவரில் அவருடைய படம் மாலையோடு இருந்தது. அதைப் பார்த்த பிறகு இருக்க ஏலவில்லை.

"அது அவரில்லை," என்றேன். "ஆஸ்பத்திரியிலை செத்தது அவரில்லை. அவரின்ரை தமையன்."

அவள் முதலில் விளங்காத மாதிரி நின்றாள். பிறகு கருவாட்டுப் பாயின் விளிம்பில் இருந்தாள்.

"ஆர் பிழை விட்டது?"

"நான்."

"என்னெண்டு?"

"மகளின்ரை படிவத்திலை அண்ணை எண்டு கிடந்தது. நான் கூடப்பிறந்தவர் எண்டு அடிச்சுப்போட்டன்."

"அண்ணைதானே," என்றாள்.

"ஓம். அண்ணைதான்."

"வேறை என்னெண்டு சொல்லுறது?"

காகம் ஒன்று பாயின் மற்றப் பக்கம் வந்து இறங்கியது. அவள் அதைத் துரத்தவில்லை. நான்தான் எழுந்து துரத்தினேன்.

"அப்ப காய்ச்சலிலை போனது அத்தானோ," என்றாள். புருசனின் தமையனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "அந்த மனுசன்தான் எங்கடை கலியாணத்தைச் செய்து வைச்சது." அப்போதுதான் அழுதாள். அதிக நேரம் இல்லை. முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அப்ப இவர் விட்டாப்பிறகு வராமல் இருக்கேல்லை," என்றாள்.

"இல்லை."

"இந்த ஏழு மாசமும் நான் இவரைப் பேசாத பேச்சில்லை. படத்தைப் பாத்துப் பேசுறனான். எவளோடையடா இருந்தனீ எண்டு கேட்டனான்."

அவள் எழுந்து உள்ளே போய்ப் படத்திலிருந்த மாலையை எடுத்தாள். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"பட்டியலிலை எத்தினை மாசம் பேர் இல்லாமல் போனது?"

இந்தக் கேள்வி வரும் என்று படகில் நினைத்தேன். வராமல் இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

"ஏழு."

"ஏழு தரம் சிறையளுக்குப் போயிருக்கினம்," என்றாள். "ஏழு தரமும் ஆரும் கேக்கேல்லை."

திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை. சாமியாருக்கும் விதானையாருக்கும் காட்ட ஒரு கடிதம் வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அலுவலகக் கடிதத்தாளில் பொறுப்பாளர் எழுதித் தர மாட்டார் என்று எனக்குத் தெரியும். மகளின் கொப்பியிலிருந்து ஒரு ஒற்றைத் தாளைக் கிழித்து, என் கையால், முன்பு சொன்னது பிழை, பிழை விட்டது நான், இந்த ஆள் இன்னும் தேடப்படுகிறார் என்று எழுதி, என் முழுப் பெயரையும் போட்டுக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். சாமியார் அதை ஏற்றுக்கொண்டார் என்று பிறகு அறிந்தேன். விதானையார் முத்திரை இல்லாத தாளை வைத்து அட்டையைத் திருத்த ஏலாது என்றாராம். அட்டையில் அவள் விதவையாகவே இருந்தாள்.

அதன் பிறகு அவள் திரும்பவும் மாதம் ஒருமுறை வந்தாள். பட்டியலைத் திருப்பி வைத்தால் ஒருமுறை பார்த்ததோடு விட மாட்டாள். பெயரின் மேல் விரலை வைத்து, எழுத்து எழுத்தாக வாசிப்பாள். தகப்பன் பெயரையும் வாசிப்பாள். பனங்கிழங்கு கொண்டு வரவில்லை.

ஒன்றரை வருடத்துக்குக் கிட்ட அப்படி வந்தாள். பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது. பாதை பூட்டினார்கள். தீவுகளில் ஆட்கள் வீட்டுப் படலையில் வைத்துச் சுடப்பட்டார்கள். தபால்காரர் ஒருநாள் காலை புங்குடுதீவுப் பக்கம் சைக்கிளில் போனார். சைக்கிள் மட்டும் பாலத்தடியில் கிடந்தது. நிறுவனம் அந்த மாதமே அலுவலகத்தைப் பூட்டியது. வாகனத்தில் வந்தவர்கள் கணினியையும் அலுமாரியில் இருந்த படிவங்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்டேன். மேலே அனுப்புகிறோம் என்றார்கள். தபால்காரருக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்று அவருடைய மனைவி வந்தபோது பூட்டிய கதவின் முன்னால் நானும் அவரும்தான் நின்றோம்.

சண்டை முடிந்த வருடம், ஒரு மத்தியானம், நெடுந்தீவுப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். வவுனியாவிலிருந்து வருகிறாள். முகாம்களின் கம்பி வேலிக்கு வெளியே நான்கு நாள் நின்றிருக்கிறாள். உள்ளே இருந்தவர்களிடம் புருசனின் பெயரையும், மகளின் அண்ணையின் பெயரையும் சத்தமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். யாருக்கும் தெரியவில்லை. முகம் வெயிலில் கறுத்திருந்தது. தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டே?"

"கேளும்."

"அண்டைக்கு நீங்கள் வராமல் விட்டிருந்தால் என்ன?"

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

"அந்த ஏழு மாசமும் எனக்கு அவரிலை கோவம். ஆனால் கோவத்தோடை படுத்தால் நித்திரை வரும். இப்ப கோவமும் இல்லை, நித்திரையும் இல்லை."

"சொல்லாமல் இருக்க என்னாலை ஏலாமல் போச்சு," என்றேன்.

"உங்களாலை ஏலாமல் போச்சு," என்று அவள் திருப்பிச் சொன்னாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்தாள். "பரவாயில்லை. நீங்கள் எண்டபடியால் வந்தனீங்கள். வேறை ஆரும் வந்திருக்க மாட்டினம்."

நான் அவளோடு பஸ் தரிப்பிடம் வரை நடந்தேன்.

"இப்ப அந்தப் பட்டியல் ஆரிட்டைக் கிடக்கு?" என்று கேட்டாள்.

"தெரியேல்லை."

"அவரின்ரை இலக்கம் உங்களுக்கு ஞாபகமோ?"

சொன்னேன். அவளிடம் பேனை இல்லை. பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கி வந்து, வவுனியாப் பஸ் ரிக்கற்றின் பின்பக்கத்தில் எழுதினாள். ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தாள். சரியாக இருந்தது. அந்த இலக்கத்தைக் கேட்கிற அலுவலகம் இப்போது எங்கும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் ரிக்கற்றை மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். குறிகட்டுவான் பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நிழல் இருந்த பக்கம் தள்ளி நின்றோம்.